எனக்கு நானே போட்ட மூன்று

எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னபோதெல்லாம் நான் மூன்றுதான் போட்டிருக்கிறேன். நான்குக்கு மூன்று. தன்னடக்கம் என்று யாரும் தப்பாக எண்ண வேண்டாம். சுத்தமான கணக்கு.

தொடக்கநிலை ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே அளந்துகொள்ள என்.சி.இ.ஆர்.டி. 2013-ல் ஒரு படிவம் தயாரித்தது. எங்கள் வட்டாரத்தில் பிண்டிக்ஸ் என்பார்கள். ஏழு தலைப்புகள். பாடத்தைத் திட்டமிடுவது, பாட அறிவு, கற்பிக்கும் உத்தி, பிள்ளைகளோடும் பெற்றோரோடும் சக ஆசிரியர்களோடும் உள்ள உறவு, தொழிலில் தன்னை வளர்த்துக்கொள்வது, பள்ளி வளர்ச்சியில் பங்கு, கடைசியாக வருகை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் வரிவரியாகக் குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை போட வேண்டும். ஒன்று என்றால் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை. இரண்டு, நெருங்கிக்கொண்டிருக்கிறார். மூன்று, எட்டிவிட்டார். நான்கு, அதையும் தாண்டிவிட்டார்.

இதில் ஒன்றோ இரண்டோ போட்டால் வட்டார வள மையத்தில் பயிற்சி என்று கூப்பிடுவார்கள். நான்கு போட்டால், "அப்படியா, எங்க காட்டுங்க" என்று ஆதாரம் கேட்பார்கள். காட்டிவிட்டாலோ இன்னும் ஆபத்து, குறுவள மையக் கூட்டத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிவிடுவார்கள். மூன்று போட்டவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. எல்லாமே மூன்றாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்று பக்கத்துப் பள்ளி சார் எச்சரித்ததால், நடுநடுவே மிளகு தூவுவதுபோல் சில நான்குகளைத் தூவினேன். வருகைக்கு நான்கு, அதற்குப் பதிவேடு சாட்சி. பள்ளி வளர்ச்சிக்கு மட்டும் பெருந்தன்மையாக இரண்டு. சுற்றுச்சுவர் இல்லாததற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. சர்வீஸ் இன்னும் பாக்கி இருப்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம். ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வகுப்பு ஐந்து என்பதைச் சட்டம் எண்ணிப் பார்த்ததா தெரியாது. நான்கும் ஐந்தும் ஹெச்.எம். கையில், ஒன்று முதல் மூன்று வரை என் கையில். ஹெச்.எம். கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்தும் என் கையில்.

இவ்வளவும் சொல்வது அனுதாபத்துக்காக என்று நினைத்தால் அதுவும் சரிதான். பின்னால் சொல்லப்போகும் விஷயங்களுக்கு முன்ஜாமீனாக இருக்கட்டும்.

முதலில் பாடக்குறிப்பு. வாரம் தொடங்குமுன் எழுதி, திங்கள்கிழமை காலை ஹெச்.எம்.மிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாரம் முடிந்ததும் என்ன நடத்தினோம் என்று வொர்க் டன் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். முதலாவது கனவு, இரண்டாவது நனவு என்று வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் ஒரே உட்காரலில், ஒரே பேனாவில், ஞாயிற்றுக்கிழமை மாலை எழுதி முடிப்பவள். கனவைப் பார்த்து நனவை எழுதினால் இரண்டும் அச்சாகப் பொருந்தும், எந்த ஆய்விலும் குறை வராது. ஒரு வருடம் கோயில் திருவிழாவுக்குக் கடைசி நேரத்தில் உள்ளூர் விடுமுறை விட்டார்கள். பள்ளி பூட்டிக் கிடந்த அந்த நாளில், என் பதிவேட்டின்படி, இரண்டாம் வகுப்பில் 90 சதவீதப் பிள்ளைகள் இடமதிப்பைப் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

ஆய்வுக்கு வந்த அலுவலர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லீவு நாள்லயே இவ்வளவு சாதிச்சிருக்கீங்களே டீச்சர். பேசாம மத்த நாளும் லீவு விட்டுடலாமா?"

மெமோ கொடுத்திருக்கலாம். விதி 17 (அ)-வின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை அளவுக்குக்கூடப் போயிருக்கலாம். சிரித்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் திருந்தினேன். வொர்க் டன் எழுதுமுன் காலண்டரைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆண்டாய்வு என்பது எங்கள் பள்ளிக்குப் பொங்கல் மாதிரி. ஒட்டடை அடிப்போம், பீரோவைத் திறப்போம், கிழிந்த பாயை மடித்து உள்ளே வைத்துவிட்டுப் புதுப் பாயை விரிப்போம். செயல்வழிக் கற்றல் 2007-ல் மாநிலம் முழுக்க வந்தபோது வகுப்பறைக்குள் ஒரு கம்பிப்பந்தலும் வந்தது. பிள்ளைகளின் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் அதில் தொங்கவிட வேண்டும். அருமையான ஏற்பாடு. வருடம் முழுக்கத் தொங்கவிட்டிருந்தால் இன்னும் அருமையாக இருந்திருக்கும். நான் ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அண்ணாந்து பார்ப்பேன். வெறும் கம்பியும் பழைய சிலந்தி வலையும் இருக்கும். பிள்ளைகளோ வீட்டுக்குப் போயிருப்பார்கள். என்ன செய்வது? மாம்பழம், வீடு, சூரியன், மயில் என்று நானே உட்கார்ந்து வரைந்தேன். ரொம்ப ஒழுங்காக வந்துவிடக் கூடாதே என்று இடது கையால் வரைந்தேன். கீழே பிள்ளைகளின் பெயர்களை எழுதியதும் இடது கையால்தான். மறுநாள் பார்வையிட்டவர் மயில் படத்தின் முன் நின்று, "இந்தப் பொண்ணுக்கு நல்ல கை. ஊக்கப்படுத்துங்க" என்றார். அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நான் இல்ல சார்" என்றது. அடக்கமான பிள்ளை சார், என்றேன்.

நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை முன்னால் உட்கார வைப்பதை நான் குற்றமாகவே கருதியதில்லை. எல்லாரும் செய்வதுதான். ஆனால் வாசிக்கவே வராத பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வான், சேர்த்தால் சொல் ஆகாது. ஜீப் சத்தம் கேட்டதும் அவனிடம் குடத்தைக் கொடுத்து, குழாயடியில் நிறைத்துக்கொண்டு வா என்று அனுப்பினேன். பொறுமையாக வா, அவசரமில்லை என்றும் சொன்னேன். ஆய்வு நன்றாகவே போயிற்று. அலுவலர் வாய்ப்பாடு கேட்டார், சொன்னார்கள். ஆத்திசூடி கேட்டார், பாடினார்கள். சத்துணவை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனார். அங்கே குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. பையன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா தம்பி, கிளாஸுக்குப் போகலையா?"

"நீங்க போனப்புறம் வரணும் சார். டீச்சர் சொன்னாங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவசரமில்லை என்று மட்டும்தான் சொன்னேன். வாசிக்கத்தான் அவனுக்கு வராதே தவிர, நான் சொல்லாமல் விட்டதை எழுத்துப் பிசகாமல் படித்திருக்கிறான்.

ஆய்வாளரை ஏமாற்றும் தந்திரம் எனக்கு மட்டும் தோன்றியதல்ல, பரம்பரைச் சொத்து என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது மனசு கொஞ்சம் லேசானது. இங்கிலாந்தில் 1862-ல் ராபர்ட் லோ என்பவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் வந்து பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம், தேறாத தலைக்கு வெட்டு. சென்னை மாகாணத்திலும் உதவி பெறும் பள்ளிகளுக்கு இந்த வழியில் மானியம் கொடுத்தார்கள். 1882-ல் அமைந்த ஹண்டர் கமிஷனும் தொடக்கக் கல்விக்கு இதையே பரிந்துரைத்தது. ஆசிரியர்கள் சும்மா இருப்பார்களா? வாசிப்புப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சரளமாக 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்துக் கதைகள் உண்டு. மேத்யூ ஆர்னால்டு பெரிய கவிஞர், முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராகவே வேலை பார்த்தவர். அவரே இந்த முறையை எதிர்த்து எழுதினார். 1890-களில் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. நான் கைவிடவில்லை. என் வகுப்பின் முன்வரிசை வீராங்கனை ஒருத்தி, அலுவலர் முன்னால் ஒரு பாடத்தை மூச்சு விடாமல் வாசித்து முடித்தாள். அவள் மடியில் திறந்திருந்தது அடுத்த பாடம்.

இதுவரை சொன்னதில் குற்றவாளி யார் என்று கேட்டால், சில வருடங்களுக்கு முன்புவரை படிவத்தைத்தான் காட்டியிருப்பேன். அரை மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டு ஒரு வருஷ உழைப்பை எடை போடுகிறார்கள், பிள்ளையைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்க்கிறார்கள், நாங்களும் பதிவேட்டுக்காகவே வாழ்கிறோம் என்று. சங்கக் கூட்டத்தில் பேசினால் கைதட்டு வாங்கும் பேச்சு. பொய்யும் இல்லை. அந்தப் பேச்சை நான் குறைத்துக்கொள்ளக் காரணம் ஓர் ஆசிரியர் பயிற்றுநர்.

வகுப்பறை நோக்கல் என்று வந்தவர் நாற்காலி வேண்டாம் என்றார். பின்னால் போய்ப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார், முழங்கால் வலிக்கும் என்று நான் போட்ட கணக்கு பொய்த்தது. இடைவேளை மணி அடிக்கும்வரை அசையவில்லை. குறிப்பும் எடுக்கவில்லை. டீ கொடுத்தபோது மெதுவாகச் சொன்னார்.

"நல்லா எடுக்குறீங்க டீச்சர். ஒண்ணே ஒண்ணு. நீங்க ஜன்னல் பக்கம் இருக்குற பிள்ளைங்களையே பார்த்துப் பேசுறீங்க. கேள்வியும் அங்கதான் போகுது. சுவர் பக்கத்துப் பிள்ளைங்களை நீங்க ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடலை."

எனக்குக் கோபம் வந்தது. சுவர்ப் பக்கம் வெளிச்சம் கம்மி சார் என்றேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றாம் வகுப்பு சார் என்றேன். அது உண்மையில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டு, படிவத்தில் வழக்கம்போல் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் போனார். அவர் சொன்ன விஷயத்தை எழுத அதில் இடமில்லை. எனக்கு நல்ல மதிப்பெண்தான் விழுந்தது.

அடுத்த நாள் பாடம் நடத்திக்கொண்டே என்னை நானே பிடித்தேன். உடம்பு முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதும் அந்தப் பக்கமாகவே திரும்புகிறேன். சுவர்ப் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அன்றுதான் எண்ணினேன். தாமதமாக வருகிறவர்கள், அடிக்கடி வராதவர்கள், எதைக் கேட்டாலும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்கிறவர்கள். நான் அவர்களை அங்கே உட்கார வைக்கவில்லை. நான் பார்க்காத இடம் எது என்று கண்டுபிடித்து அவர்களாகவே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனையோ ஆய்வுகளில் எத்தனையோ பேர் என்னை அளந்திருக்கிறார்கள். எனக்கு உபயோகப்பட்டது அந்த ஒன்றுதான்.

இங்கே இந்தப் பத்தியை முடித்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் அலுவலர்கள் மேல் நான் சொன்ன குற்றச்சாட்டை, அரை மணியில் எடை போடுகிறார்கள் என்றதை, என் மேலேயே போட்டுப் பார்க்கும் விபரீத ஆசை வந்தது.

தமிழ்நாட்டில் 2012-13-ல் முழுமையான தொடர் மதிப்பீடு வந்தது. முப்பருவ முறை. பருவத்துக்கு வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60. வளரறி என்றால் பாடம் நடக்க நடக்கப் பிள்ளை எப்படி வளர்கிறது என்று கவனித்துப் போடுவது. தொகுத்தறி என்றால் பருவக் கடைசியில் தேர்வு வைத்துப் போடுவது. நான் முதலில் தேர்வை வைத்து 60-க்குப் போட்டுவிடுவேன். அதைப் பார்த்துக்கொண்டு, அதற்கு ஏற்றாற்போல் 40-க்குப் போடுவேன். அதாவது செடி எவ்வளவு வளர்ந்தது என்பதைக் காயை எண்ணிய பிறகு எழுதிவைப்பேன். பாடம் மட்டுமா? வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மைகள், மதிப்புகள் என்று பாட இணைப் பகுதிகள் வேறு. எட்டு வயதுப் பிள்ளையின் மனப்பான்மைக்கு ஒரு கிரேடு. கடைசி வேலை நாளன்று, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்தாக இறக்கினேன். எல்லாமே ஏ-வாக இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? நடுநடுவே சில பி-க்களைத் தூவினேன்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில், எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல யோசனை, எனக்கு மனப்பூர்வமாகப் பிடித்தது. மதிப்பீடு செல்போன் செயலியில். பள்ளியில் சிக்னல் கிடைத்தால் சர்வர் சுற்றும், சர்வர் நின்றால் சிக்னல் போகும். ராத்திரி சோற்றை வடித்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நினைவிலிருந்து பதில்களை ஏற்றியிருக்கிறேன். அம்மாவோடு ஆயா ஊருக்குப் போய் அந்த வாரமே வராத ஒரு பிள்ளை, என் செல்போனில் அத்தனை கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லி மொட்டிலிருந்து மலராகிவிட்டது. திரும்பி வந்தபோது அதற்கே அது தெரியாது.

பயிற்றுநராவது இடைவேளை வரைக்கும் பாயில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளைக்கு நான் செலவழித்தது கையெழுத்துப் போடும் நேரம்கூட இல்லை.

இதை என் முகத்துக்கு நேரே சொன்னது ஒரு பாட்டி. அவர் திட்டவில்லை, கேள்விதான் கேட்டார். பேரனின் மதிப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு மத்தியானம் வந்தார். அப்பா அம்மா இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பாட்டிதான் எல்லாம். அட்டையில் நான் எழுதியிருந்த இரண்டு சொல்லை யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"முயற்சி தேவைன்னு போட்டிருக்கீங்களாமே டீச்சரம்மா. எதுலன்னு சொன்னா நான் வீட்டுல ராத்திரி உட்கார வச்சு செய்யச் சொல்லுவேன்ல."

எதில்? அந்தப் பையன் எங்கே தடுமாறுகிறான் என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் பாதிப் பேருக்கு 'நன்று', மீதிப் பாதிக்கு 'முயற்சி தேவை'. அவன் மீதிப் பாதியில் இருந்தான், அவ்வளவுதான். "எல்லாத்துலயும்தான்மா" என்றேன். பாட்டி அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எல்லாத்துலயும்னா எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றார். கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும் என்கிறது. பாட்டி சட்டம் படித்தவரில்லை. இருந்தாலும் பிரிவைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

உடனே ஒரு நீளநோட்டு வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். மதிப்பெண் கிடையாது, கிரேடு கிடையாது. கண்ணால் பார்த்த விஷயம் ஒன்று மட்டும், தேதியோடு. சுவர்ப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். 'ஒற்றெழுத்து வந்தால் தாண்டிக் குதித்துவிடுகிறாள்.' 'கூட்டலைக் கீழிருந்து மேலே கூட்டினால் சரியாக வருகிறது, மேலிருந்து கீழே கூட்டினால் தப்பாகிறது, ஏன்?' எழுத எழுத எனக்கே ருசி தட்டியது. பிறகு வாக்காளர் பட்டியல் திருத்தப் பணி வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்பது அதே சட்டத்தின் 27-வது பிரிவு. இது மூன்றில் ஒன்று, மறுக்க முடியாது. வீடு வீடாகப் போனபோது கையில் இருந்தது அந்த நோட்டு. பாதிக்கு மேல் கதவு எண்களும், வெளியூர் போனவர்கள் பெயரும், இறந்தவர்கள் பெயரும். ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பக்கமே மிஞ்சவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர்கள் விடுபட்டார்கள்.

ஆனாலும் பாட்டியின் பேரனுடைய பக்கம் நோட்டின் முதல் பாதியில் இருந்தது. அதில் எழுதியிருந்ததைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"கழித்தல் கணக்குலதான் பாட்டி தகராறு. பக்கத்து எண்கிட்ட கடன் வாங்குறான், வாங்கினதை அங்கே குறைக்க மறந்துடுறான்."

பாட்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அவன் அப்பனும் அப்படியேதான் டீச்சரம்மா. கடன் வாங்குறதோட சரி."

இத்தனை வருடத்தில் நான் கொடுத்த மதிப்பீடுகளில், வீட்டுக்காரர்கள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.